உம்ராவுக்கு நிய்யத் வைத்தவர்களின் வீட்டுப் பிள்ளைகளுக்கு



நம்ம பக்கம் ஒரு வீட்டில் உம்ரா பயணம் என்றால் கடைசி இரண்டு வாரமும் கல்யாண வீடுதான். ஸலாம் சொல்ல வருபவர்கள், துஆ கேட்டு வருபவர்கள், “எனக்கும் சேர்த்து ஒரு தவாப் செய்யுங்க” என்று கண் கலங்கி நிற்கும் பக்கத்து வீட்டு மாமி. பையும் நிரம்பிக்கொண்டே வரும். மாசிச் சம்பல், தேயிலைத் தூள், பிஸ்கட், இஹ்ராம் துணி எல்லாம் இருக்கும். “உம்மாவுடைய பாஸ்போர்ட் எங்கே?” என்று கேட்டால் “ஏஜன்சிக்காரரிடம்” என்பார்கள். “கிளினிக் கொப்பி?” என்றால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

டீச்சர் என்பதால் படிவம் நிரப்பித் தரச் சொல்லிப் பல வருடமாக ஆட்கள் வருகிறார்கள். அங்கே பார்த்ததையும் கேட்டதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

முதல் பிரச்சினை பெயர்.

நம்ம பெரியவர்களில் பலருக்கு ஒரே ஆளுக்கு மூன்று பெயர் இருக்கும். கண்டிப் பக்க முஸ்லிம்களின் பழைய பிறப்புச் சான்றிதழ்களில் முன்னால் ஒரு “கெதர” பெயர் வரும். பதிவாளர் காதில் விழுந்தபடி சிங்களத்தில் எழுதியது அது. அடையாள அட்டையில் அந்தக் கெதர இருக்காது. விவாகப் பதிவில் வேறு எழுத்து. மொஹமட், முஹம்மத், மொஹமது என்று ஒரே பெயர் மூன்று உடுப்புப் போட்டு நிற்கும். பாத்திமாவுக்கும் அதே கதை. ஊருக்குள் இது ஒரு பொருட்டே இல்லை. கவுண்டரில் இருப்பவருக்கோ அது மூன்று வேறு மனிதர்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு தாய் பத்து வருடத்துக்கு மேல் சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசில் உம்ராவுக்குக் கட்டினார். காசு கட்டிய பிறகுதான் பிறப்புச் சான்றிதழும் ஐடியும் ஒத்துவரவில்லை என்று தெரிந்தது. திருத்தம் முடிந்து பாஸ்போர்ட் கைக்கு வரும்போது அவருடைய குழு மக்காவுக்குப் போய்த் திரும்பியும் வந்துவிட்டது. அடுத்த குழுவில் போனார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் இடையில் அந்த மனுஷி, “அல்லாஹ் என்னைக் கூப்பிடவில்லை போல” என்று அழுது திரிந்த நாட்களை நான் பார்த்தேன். அல்லாஹ் கூப்பிடாமல் இல்லை. ஒரு தாளில் இரண்டு எழுத்துப் பிழை, அவ்வளவுதான்.

ஆகவே நிய்யத் வைத்த அன்றே, காசு கட்ட முதல், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, விவாகச் சான்றிதழ், பழைய பாஸ்போர்ட் நான்கையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பிறந்த திகதியையும் பாருங்கள். பிறப்புப் பதிவில் திருத்தம் வேண்டுமென்றால் பிரதேச செயலகத்தில் இருக்கும் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் போக வேண்டும். அது ஒரு நாளில் முடியும் வேலை அல்ல.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து பத்திரங்கள் நனைந்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். பிறப்பு, விவாகப் பத்திரங்களின் பிரதிகளைத் திரும்ப எடுக்கலாம். பயணம் வரும்வரை காத்திருக்காமல் இப்போதே எடுத்து வையுங்கள். நனைந்து பக்கம் ஒட்டிய பாஸ்போர்ட்டைக் காயவைத்துச் சமாளிக்க நினைக்க வேண்டாம்.

பாஸ்போர்ட்டில் இன்னும் 6 மாதமாவது செல்லுபடிக் காலம் இருக்க வேண்டும். டிக்கெட்டும் விசாவும் வந்தவுடன், பாஸ்போர்ட்டின் படப் பக்கத்தில் அடியிலுள்ள இரண்டு வரிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விமான நிலையத்து இயந்திரம் வாசிப்பது அந்த இரண்டு வரியைத்தான். எல்லாவற்றையும் போன் கமெராவில் படம் எடுத்து, பயணம் போகிறவர் போனிலும் வீட்டில் இருப்பவர் போனிலும் வையுங்கள். ஒரு போட்டோகொப்பி கைப்பையில் இருக்கட்டும்.

அடுத்தது விசா. விசாவில் என்ன வகை என்று எழுதியிருக்கிறதோ அதை வாசித்துப் புரிந்துகொள்ளுங்கள். “விசிட் விசாவில் போய் அப்படியே ஹஜ்ஜையும் முடித்துவிடலாம்” என்று யாராவது குறைந்த விலை சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வாருங்கள். 2024 ஹஜ்ஜில் மக்கா ஹரமில் வெப்பம் 51.8 பாகை செல்சியஸைத் தொட்டது. அந்த ஹஜ்ஜில் 1,301 பேர் வபாத்தானதாகச் சவூதி அரசாங்கமே அறிவித்தது. அவர்களில் 83 வீதமானோர் ஹஜ் அனுமதி இல்லாமல் வந்தவர்கள். அனுமதி இல்லாதவருக்குக் குளிரூட்டிய கூடாரமும் இல்லை, பஸ்ஸும் இல்லை. வெயிலில் மைல் கணக்கில் நடக்க வேண்டும். கடதாசி விஷயம் உயிர் விஷயமாக மாறுகிற இடம் அது. இப்போது அனுமதி இல்லாமல் ஹஜ் செய்ய முயன்று பிடிபட்டால் 20,000 ரியால் வரை அபராதமும் இருக்கிறது.

இனித் தடுப்பூசி. “அல்லாஹ்வுடைய வீட்டுக்குப் போகிறோம், நமக்கு எதற்கு ஊசி?” என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உமர் (ரழி) அவர்கள் ஷாமுக்குப் போகும் வழியில் ஸர்க் என்ற இடத்தில், அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதைக் கேள்விப்பட்டார்கள். தோழர்களிடம் ஆலோசனை கேட்டுத் திரும்பிவிட முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் கத்ரை விட்டு ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரழி) கேட்டபோது, ஒரு கத்ரிலிருந்து இன்னொரு கத்ருக்குப் போகிறோம் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். அந்தத் தவக்குலை விடப் பெரிய தவக்குல் நமக்கு இல்லை.

ஹஜ்ஜும் நோய்த்தடுப்பும் புதிதாகச் சந்தித்துக்கொண்டவையும் அல்ல. 1865 ஹஜ்ஜில் கொலராவால் சுமார் 15,000 ஹாஜிகள் இறந்தார்கள். அடுத்த வருடமே இஸ்தான்பூலில் சர்வதேச சுகாதார மாநாடு கூடியது. பிறகு செங்கடலில் கமரான் தீவில் ஒரு தனிமைப்படுத்தும் நிலையம் வந்தது. இந்து சமுத்திரப் பக்கமிருந்து கப்பலில் போன ஹாஜிகள் அங்கே இறங்கி நாட்கணக்கில் தங்கித்தான் ஜித்தாவுக்குப் போனார்கள். நம்ம மூத்தவர்கள் பட்ட அந்தக் கஷ்டத்தோடு பார்த்தால் ஒரு ஊசி பெரிய விஷயமா?

முக்கியமானது மெனிஞ்சைட்டிஸ் ஊசி, அதாவது மூளைக்காய்ச்சலுக்கான ஏசிடபிள்யூவை என்ற வகை. 1987 ஹஜ்ஜில் இந்த நோய் பரவிய பிறகுதான் ஊசி கட்டாயமானது. 2000ஆம் ஆண்டில் டபிள்யூ என்ற வேறொரு வகை கிருமி ஹாஜிகளோடு பல நாடுகளுக்குப் போய் 400க்கும் மேற்பட்டவர்களைப் பாதித்தது. அதனால்தான் ஹஜ்ஜுக்கு நான்கு வகைக்கும் சேர்ந்த ஊசி கட்டாயமானது. 2024லும் உம்ரா போய்த் திரும்பியவர்களோடு தொடர்புடைய 12 பேருக்கு அமெரிக்கா, பிரான்ஸ், பிரித்தானியா மூன்று நாடுகளிலும் இந்த நோய் வந்தது. அவர்களில் பெரும்பாலானோர் ஊசி போடாதவர்கள்.

போய்ச் சேர 10 நாளுக்கு முன்பாவது இதைப் போட வேண்டும். சான்றிதழில் ஊசியின் வகை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வகை 3 வருடத்துக்கும் மற்ற வகை 5 வருடத்துக்கும் ஏற்றுக்கொள்ளப்படும். உம்ராவுக்கான விதி மாறிக்கொண்டே இருக்கிறது. 2025 பெப்ரவரியில் கட்டாயம் என்று அறிவித்து, நடைமுறைக்கு வர முதலே நிறுத்திவிட்டார்கள். கட்டாயமோ இல்லையோ, லட்சக்கணக்கானோர் தோளோடு தோள் நிற்கும் இடத்துக்குப் போகிறவர் போட்டுக்கொள்வதுதான் புத்தி. வயதானவர்கள் சளிக்காய்ச்சல் ஊசியைப் பற்றியும் வைத்தியரிடம் கேளுங்கள்.

மருந்துப் பை. இதைக் கொஞ்சம் கவனமாக வாசியுங்கள். சீனி வருத்தக்காரர்களுக்குக் கால் எரிவு, விறைப்புக்காகக் கொடுக்கும் பிரிகபலின் சவூதியில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. வலிக்குக் கொடுக்கும் ட்ரமடோலும் அப்படித்தான். நம்ம வீட்டு அலுமாரியில் சாதாரணமாகக் கிடக்கும் குளிசை அங்கே சுங்கத்தில் பெரிய பிரச்சினையாகலாம். இப்படியான மருந்து எடுப்பவர்கள் சவூதி உணவு மருந்து அதிகாரசபையின் இணையத்தளத்தில் முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும். அல்லது வேறு மருந்துக்கு மாறலாமா என்று உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள். எந்த மருந்தையும் கிளினிக்கில் தரும் சின்னக் கடதாசி உறையில் கொண்டுபோக வேண்டாம். பெயர் அச்சிட்ட அட்டையோடு, ஆங்கிலத்தில் எழுதிய வைத்தியர் கடிதத்தோடு கொண்டுபோங்கள். அடுத்த வீட்டு நானாவின் மருந்துப் பார்சலை யாருக்கும் கொடுப்பதற்கென்று வாங்கிக்கொள்ளவே வேண்டாம். பொடி வகைகளில் கசகசா கலந்திருந்தால் அதையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். இன்சுலின் கைப்பையில்தான் இருக்க வேண்டும், கார்கோவில் போடும் பையில் அல்ல.

கால். ஸஃயு மட்டும் கிட்டத்தட்ட 3 கிலோமீற்றர் நடை. தவாபும் ஹோட்டல் நடையும் வேறு. சீனி வருத்தத்தால் கால் விறைத்தவருக்குச் சூடும் தெரியாது, காயமும் தெரியாது. செருப்புத் தொலைந்து வெறுங்காலோடு ஹோட்டலுக்கு நடந்தால் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். ஒரு சோடி செருப்பைத் துணிப்பையில் போட்டு முதுகிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இரவில் யாராவது ஒருவர் அவர்களுடைய பாதத்தை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பெண்கள் காலுறை போடலாம். ஆண்கள் இஹ்ராமிலும் குடை பிடிக்கலாம். ஜீவனி பக்கட் நாலைந்து வைத்திருங்கள். பிரஷர், சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் அதை எவ்வளவு குடிக்கலாம் என்று வைத்தியரிடம் கேட்டுக்கொண்டு போங்கள். தலைமுடி எடுக்கும்போது புது பிளேடா என்று கண்ணால் பார்த்த பிறகு தலையைக் கொடுங்கள்.

சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. மாதவிடாயைத் தள்ளிப்போடும் குளிசையைத் தோழி சொன்னாள் என்று பாமசியில் வாங்கிக் குடிக்காதீர்கள். இரத்தம் உறையும் பிரச்சினை, ஒற்றைத் தலைவலி, பிரஷர் இருப்பவர்களுக்கு அது ஆபத்தாகலாம். ஒரு மாதம் முன்பே டொக்டரிடம் போங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடைசியாக, எனக்கு மிகவும் மனவருத்தம் தரும் விஷயம். நம்ம பெரியவர்கள் நோயை மறைக்கிறார்கள். “நெஞ்சு நோவு என்று சொன்னால் பிள்ளைகள் விடமாட்டார்கள், ஏஜன்சி பெயரை வெட்டிவிடும்” என்ற பயம். வாழ்நாள் முழுக்க ஆசைப்பட்ட ஒன்று கைநழுவிப் போய்விடுமோ என்ற பயம் அது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பயத்தை எடுத்துவிடுவது பிள்ளைகளாகிய நம்ம கடமை. “உங்களைத் தடுக்க அல்ல, நல்லபடியாகப் போய் வருவதற்காகத்தான் டொக்டரிடம் போகிறோம்” என்று சொல்லிக் கூட்டிப் போங்கள். சக்கர நாற்காலியில் இருந்து செய்யும் தவாபும் தவாப்தான் என்று பக்குவமாகச் சொல்லிக் கொடுங்கள்.

பிறகு ஒரே ஒரு தாள். அதில் பெயர், பாஸ்போர்ட் இலக்கம், இரத்த வகை, என்ன நோய், என்ன மருந்து எத்தனை மணிக்கு, எந்த மருந்து ஒத்துவராது, மக்காவில் தங்கும் ஹோட்டல் பெயர், இங்கே ஒரு போன் இலக்கம், அங்கே ஒரு போன் இலக்கம். ஆங்கிலத்தில் எழுதி, பொலித்தீன் உறையில் போட்டு, கழுத்தில் மாட்டும் பையில் வையுங்கள். உம்மாவுக்கு ஆங்கிலமும் தெரியாது, அறபும் பேசத் தெரியாது. கூட்டத்தில் தனியாகிவிட்டால் அவருக்காகப் பேசப் போவது அந்தத் தாள்தான். எழுத அரை மணி நேரம் போதும். எழுதத் தெரியாதவர்கள் என்னிடம் வாருங்கள், அல்லது உங்கள் பிள்ளையின் இங்கிலீஷ் டீச்சரிடம் போங்கள். யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள்.

திரும்பி வந்து இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், மூச்சுக் கஷ்டம் வந்தால் வைத்தியரிடம் முதல் வார்த்தையாக “சவூதி போய் வந்தேன்” என்று சொல்லுங்கள். ஒட்டகப் பண்ணைக்குப் போயிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

பயணம் போகும் எல்லோருடைய உம்ராவையும் அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. போனபடியே சுகமாகத் திரும்பி வரச் செய்வானாக. ஆமீன்.

இந்த வருடம் போக இருக்கும் ஒருவர் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால், இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.