எந்நாளில் தொடங்கும் ஏழாண்டு?

திருமணம் ஆயிரங்காலத்துப் பயிர் என்பர் பெரியோர். வெள்ளிமலையில் எங்கள் பெரியப்பா மகன் வீட்டில் அந்தப் பயிர் இன்னும் சட்டத்தின் வரப்பிலேயே நிற்கிறது.

அண்ணி இலங்கைத் தமிழர். 1990இல் கைக்குழந்தையாகப் படகில் வந்து, முகாமில் வளர்ந்தவர். இந்தியரை மணந்தவர் ஏழாண்டு இங்கு வாழ்ந்தபின் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்கிறது 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம். ஆனால் உரிய ஆவணமின்றி வந்தோருக்கு 2003ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வழியை அடைத்துவிட்டது. குண்டுக்குத் தப்பிப் படகேறியவர் கடவுச்சீட்டுக்கு எங்கே போவார்? 2019ஆம் ஆண்டுத் திருத்தமோ பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளோடு நின்றது. இலங்கை அதில் இல்லை.

மலையிறங்கிக் கள்ளக்குறிச்சிக்கும், அங்கிருந்து சென்னைக்கும் அண்ணன் எத்தனை முறை அலைந்திருப்பார்! நகலுக்குப் பணம், வக்கீலுக்குப் பணம். போன நாளெல்லாம் கூலியும் இல்லை. மரவள்ளி விற்ற காசு அதிலேயே கரைந்தது.

இதனினும் பெரிய கவலை குழந்தையைப் பற்றியது. 3.12.2004 முதல் இங்குப் பிறந்த பிள்ளைக்கு, தந்தை இந்தியராயினும், தாய் சட்டவிரோதக் குடியேறியாகக் கருதப்பட்டால் பிறப்புவழிக் குடியுரிமை கிடையாது.

கல்வராயன் மலையே 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. நாட்டுக்குள் வாழ்ந்தும் நாட்டின் உரிமை எட்டாத வேதனையை எங்கள் பாட்டன்மார் அறிவர்.

அண்ணி கேட்பது ஒன்றே: அந்த ஏழாண்டு எந்நாளில் தொடங்கும்? மாணவ நண்பர்களே, நாளை அரசு அலுவலகங்களில் அமரப்போகிறவர்கள் நாம். இத்தகைய கோப்பு ஒன்று நம் மேசைக்கும் வரும். அதற்குள் ஒரு குடும்பம் காத்திருப்பதை அன்று மறவாதிருப்போம்.