அல்தாவிலிருந்து ஹம்மர்ஃபெஸ்ட் வரை

நவம்பர் 20, புதன்

திங்கள் விடியற்காலை என் கணவரை அம்புலன்சில் ஹம்மர்ஃபெஸ்டுக்குக் கொண்டுபோனார்கள். மூளைக்குப் போகும் இரத்தக் குழாயில் அடைப்பு. உயிருக்கு ஆபத்தில்லை என்கிறார்கள். படம் எடுத்ததில் பழைய தழும்பு ஒன்றும் தெரிகிறதாம். அது எப்போது வந்ததென்று டொக்டராலும் சொல்ல முடியவில்லை. நான் கூடவே போய், நேற்றிரவு பஸ்ஸில் திரும்பி வந்தேன்.

அல்தாவில் இருபதாயிரத்துக்கு மேல் மக்கள் இருக்கிறோம். மேற்கு ஃபின்மார்க்குக்கான ஆஸ்பத்திரியோ 140 கிலோமீற்றருக்கு அப்பால், ஒரு தீவில். இவ்வளவு காலமும் அந்தத் தூரத்தை நான் யோசித்ததேயில்லை. எங்கு போவதென்றாலும் இவர்தான் ஓட்டினார்.

எழுதி வைக்காவிட்டால் இந்த நாட்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

நவம்பர் 21, வியாழன்

மகள் ஒஸ்லோவிலிருந்து எடுத்தாள். "அம்மா, அப்பான்ரை காரை எடுக்காதையுங்கோ. பஸ்ஸிலை போங்கோ." பஸ் நேரமும் ஆஸ்பத்திரியில் பார்க்க விடும் நேரமும் பொருந்தவில்லை. அதை அவளுக்குச் சொல்லவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

கடைகள் பூட்டு. பெரிய கடையொன்றின் முற்றம் முழுவதும் வெறுமையாக, இறுகிய பனிக்கட்டியாகக் கிடந்தது. காரை அங்கே கொண்டுபோனேன்.

2010ஆம் ஆண்டு ஆடி ஏ4 குவாட்ரோ. இரண்டு லீற்றர் டேர்போ என்ஜின், ஆறு கியர், கையால் மாற்றுவது. ஜேர்மனியிலிருந்து பாவித்த காராக இறக்கினார். என்னுடையது சின்ன மின்சாரக் கார். பாலர் பாடசாலை வேலைக்குப் போய்வர அது போதும். அதன் பற்றரி பழசு. இந்தக் குளிரில் சூடாக்கியையும் போட்டுக்கொண்டு ஹம்மர்ஃபெஸ்ட் வழியிலுள்ள சென்னலாண்டெ மேட்டைக் கடக்க அதை நம்ப முடியாது.

கார்க் கதவைத் திறந்தபோது முன் இடது வீலின் விளிம்பில் புதுக் கீறல் ஒன்றைக் கண்டேன். ஒரு சிறு கல் பட்ட தடத்துக்கே மறுநாள் பெயின்ற் வாங்கிவரும் மனுசன்.

தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு ஆசனத்தில் வைத்தேன். இவர் படுக்கையில் கிடந்தபடி சொல்லித் தந்தார். பேச்சு கொஞ்சம் இழுபட்டாலும் விளங்கியது. "ரண்டாம் கியரிலை வெளிக்கிடும். அக்சிலேற்றரை மிதிக்காதையும். கால் சும்மா கிடந்தாப் போதும்."

அப்படியே செய்தேன். ஒரு சக்கரம்கூடச் சுழன்று வழுக்கவில்லை. மண் தெருவில் புறப்படுகிற மாதிரிக் கார் நேராகக் கிளம்பியது. என் காரென்றால் அந்த இடத்தில் முன் சக்கரங்கள் துடிதுடித்து, எச்சரிக்கை விளக்கு மின்னியிருக்கும். எனக்கு ஒரேயடியாகத் தைரியம் வந்துவிட்டது.

"இப்ப முப்பதிலை போய் பிரேக்கை அமத்தும்."

அமத்தினேன். பிரேக் பாதத்தின் கீழே கடகடவென்று அதிர்ந்தது. கார் நிற்கவில்லை. போய்க்கொண்டே இருந்தது, தள்ளுவண்டிகள் நிற்கும் கொட்டகைக்குக் கொஞ்சம் முன்னால் வந்துதான் ஓய்ந்தது.

"கண்டீரோ?" என்றார். "வெளிக்கிடேக்கை நாலு சக்கரமும் உதவும். நிக்கேக்கை எல்லாக் காரும் ஒண்டுதான். டயர் மட்டுந்தான் கணக்கு. இந்தக் கார் தெரு எவ்வளவு வழுக்குதெண்டு உமக்குச் சொல்லாது. நீர்தான் கேட்டு அறிய வேணும். ஆளில்லாத இடத்திலை இடைக்கிடை பிரேக்கைத் தொட்டுப் பாரும்."

இரவு இருந்து கணக்குப் போட்டேன். உராய்வு 0.1 மட்டுமே உள்ள ஈரப் பனிக்கட்டியில் முப்பது கிலோமீற்றர் வேகத்தில் வந்தால் நிற்க 35 மீற்றர் வேண்டும். அறுபதில் வந்தால் 140 மீற்றருக்கு மேல். வேகம் இரண்டு மடங்கானால் தூரம் நான்கு மடங்கு. சக்கரம் எத்தனை இழுத்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

டிசம்பர் 3, செவ்வாய்

போய் வந்துவிட்டேன்.

பகல் பதினொரு மணிக்கும் மங்கல் வெளிச்சம்தான். வானத்தின் அடியில் நீலமாக ஒரு கோடு மட்டும். இனி ஜனவரி நடுப்பகுதி தாண்டித்தான் சூரியன். ஈ6 வீதி மேட்டுக்கு ஏறும் இடத்தில் தடுப்பு இறங்கிக் கிடந்தது. மேலே காற்று, தனியே விடமாட்டார்கள், பனி தள்ளும் வண்டிக்குப் பின்னால் வரிசையாகத்தான். ஒருவர் ஜன்னலில் தட்டி, தடிப்பான உடுப்பு இருக்கிறதா, பெற்றோல் இருக்கிறதா என்று கேட்டார். பின்பக்கப் புகார் விளக்கைப் போடச் சொன்னார். முன்னுக்குப் போகிற காரின் சிவப்பு விளக்கைத் தவறவிட வேண்டாம், என்ன நடந்தாலும் காரை விட்டு இறங்க வேண்டாம் என்றார்.

சென்னலாண்டெ, கடல் மட்டத்திலிருந்து 400 மீற்றருக்குச் சற்றுக் குறைந்த உயரம். ஊரில் இதை மலை என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் மரமில்லை, மறைப்பில்லை. காற்று இடது பக்கமிருந்து பனியைத் தெருவுக்குக் குறுக்கே வாரி ஓடிக்கொண்டிருந்தது. தெரு ஆற்றைப்போல நகர, கார் நிற்பதாகத் தோன்றியது. வேகமானியைப் பார்த்துத்தான் ஓடுகிறேன் என்று தெரிந்துகொண்டேன்.

அந்தக் காற்றில் கார் செய்ததைச் சொல்லத்தான் வேண்டும். பனி திரண்டிருந்த இடங்களில் முன் சக்கரங்கள் புதைந்து இழுபட்டன. ஸ்டியரிங்கில் சின்னதாக ஒரு கனம், அவ்வளவுதான். உடனே மற்றச் சக்கரங்கள் பிடித்துக்கொண்டன. நடுவில் இருக்கும் டோர்சென் என்ற பற்சக்கரப் பெட்டியின் வேலை அது. சாதாரணமாக விசையில் நூற்றுக்கு 40 முன்னுக்கும் 60 பின்னுக்கும் போகும். ஒரு அச்சு வழுக்கத் தொடங்கினால் உள்ளேயிருக்கும் திருகுப் பற்கள் தாமாகவே இறுகி, பிடிப்புள்ள அச்சுக்கு விசையைத் தள்ளிவிடும். கணினி யோசித்து உத்தரவு தரும்வரை காத்திருப்பதில்லை. இரும்பு இரும்போடு நேரே பேசிக்கொள்கிறது.

ஸ்கைடிக்கு இறங்கும்போது காற்று அடங்கியது. குவால்சுண்ட் தொங்குபாலத்தைக் கடந்து தீவுக்குள் போனபோதுதான் தோள்கள் எவ்வளவு இறுகியிருந்தன என்று தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் மத்தியானச் சாப்பாடு வந்திருந்தது. உருளைக்கிழங்கு, மீன், கரட். இவர் கோப்பையின் வலது பாதியைத் துப்புரவாகச் சாப்பிட்டுவிட்டுக் கரண்டியை வைத்தார். இடது பாதியில் மீன் அப்படியே கிடந்தது. நேர்ஸ் வந்து கோப்பையை மெல்லத் திருப்பிவிட்டாள். "இன்னும் இருக்கே?" என்று ஆச்சரியப்பட்டு மிச்சத்தையும் சாப்பிட்டார்.

கண்ணில் பழுதில்லையாம். இடது பக்கத்தில் வருவதை மூளை எடுத்துக்கொள்வதில்லை. இருட்டாகவோ வெற்றிடமாகவோ தெரியாதாம். அங்கே ஏதோ குறைகிறது என்பதே அவருக்குத் தெரியாதாம். "எனக்கு எல்லாம் வடிவாத் தெரியுது" என்று இவர் என்னிடம் சொன்னார். அடுத்த உத்தரவு வரும்வரை கார் ஓட்டக் கூடாதென்று டொக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

டிசம்பர் 6, வெள்ளி

மேட்டை மூடிவிட்டார்கள். போகவில்லை.

டிசம்பர் 13, வெள்ளி

நித்திரை இல்லை. இவருடைய கார்ப் புத்தகங்களை எடுத்துப் படித்தேன்.

1977 குளிர்காலத்தில் பின்லாந்தின் பனியில் ஆடிக்காரர்கள் கார்களைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். கூடவே இராணுவத்துக்குச் செய்த ஃபோல்க்ஸ்வாகன் இல்டிஸ் என்ற வண்டியும் போயிருந்தது. அதில் 75 குதிரைத்திறன்தான். அதைவிட வலுவான முன்சக்கரக் கார்களைப் பனியில் அது தோற்கடித்தது. யோர்க் பென்சிங்கர் என்ற பொறியியலாளர் அதைப் பார்த்துவிட்டு, சாதாரணக் காருக்கும் நாலுசக்கர இழுவை வைத்தாலென்ன என்று கேட்டார். 1980 மார்ச்சில் ஜெனீவாக் கண்காட்சியில் குவாட்ரோ வந்தது. டேர்போவும் நாலுசக்கர இழுவையும் அதில் ஒன்றுசேர்ந்தன.

அந்தக் காரில் 1981இல் சான்ரெமோ ரலியை வென்றவர் மிஷேல் மூத்தோன். உலகச் சம்பியன் போட்டிச் சுற்றொன்றில் வென்ற முதல் பெண். வழி சொன்னவரும் பெண்தான், ஃபப்ரீஸியா பொன்ஸ். அடுத்த வருடம் மூத்தோன் சம்பியன் பட்டத்துக்கு மிக அருகே வந்தார். ஐவரி கோஸ்ட் ரலி தொடங்குவதற்குச் சற்றுமுன் தகப்பன் இறந்த செய்தி வந்தது. ஆனாலும் ஓட்டினார். முடிக்க முடியவில்லை, பட்டம் வால்டர் ரோலுக்குப் போனது.

இந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்த நேரத்தில் அவர் ஏன் காரில் ஏறினார் என்று யாரும் எனக்கு விளக்கத் தேவையில்லை.

டிசம்பர் 19, வியாழன்

இவரை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். பக்கத்து ஆசனத்தில் இவர் இருந்ததை நான் கண்டதே குறைவு. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் வலது காலால் தரையை அழுத்தினார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

ஸ்கைடி தாண்டி ஏற்றம் தொடங்கிய பிறகு ஒரு வளைவு. "இதிலைதான் ஒருக்கால் பின்பக்கம் முழுக்க வந்தது" என்றார்.

"எப்ப?"

"சின்னவள் பத்தாம் வகுப்பு முடிக்கிற வருசம். மாசி மாதம். கேக் வாங்கிக்கொண்டு வந்தன்."

அந்தக் கேக் எனக்கு நினைவிருக்கிறது. ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. கடையில் சரியாகக் கட்டவில்லை என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லி என்ன செய்யிறது? கார் சமாளிச்சிட்டுது."

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு மேட்டின் உச்சி வரும்வரை, எங்கெங்கே என்னென்ன நடந்ததென்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். பாரவண்டி குறுக்கே நின்ற இடம். கலைமான்கள் தெருவில் படுத்துக் கிடந்த இரவு. நான் வீட்டில் சோற்றைச் சூடாக்கிக்கொண்டிருந்த இரவுகள் எல்லாம் அவை.

டிசம்பர் 27, வெள்ளி

வீலில் இருந்த கீறலைக் காட்டிக் கேட்டேன். "எந்தக் கீறல்?" என்றார்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். சூரியன் இல்லாத பொங்கல் எங்களுக்குப் புதிதல்ல. தெற்கே மலைக்குப் பின்னால் செம்மை தெரிந்த நேரம் பார்த்து மின்னடுப்பில் பால் பொங்கவிட்டேன். இவர் கையெடுத்துக் கும்பிட்டார். மகளுக்குப் படம் அனுப்பினோம். காரை விற்றுவிட்டுப் புது மின்சாரக் கார் வாங்கச் சொல்கிறாள். கடந்த வருடம் நோர்வேயில் விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஒன்பது அளவுக்கு மின்சாரக் கார்களாம். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இவர் பதில் சொல்லாமல் பொங்கலைச் சாப்பிட்டார். கோப்பையைத் திருப்ப இப்போது தானே பழகிவிட்டார்.

ஜனவரி 29, புதன்

மருந்துச் சீட்டு, பரிசோதனை அறிக்கை என்று ஒரு வேலையாகத் தனியே ஹம்மர்ஃபெஸ்ட் போனேன். வானம் துப்புரவு. மைனஸ் பதினெட்டு. குளிர் இறங்கினால் பனியும் காய்ந்து, டயர் நன்றாகப் பிடிக்கிறது.

இன்று இந்தக் காரை முதல்முறை உண்மையாக ஓட்டினேன் என்று நினைக்கிறேன். 211 குதிரைத்திறன் என்பது புத்தகத்தில் உள்ள எண். காலுக்குத் தெரிவது வேறு. இதன் 350 நியூற்றன் மீற்றர் இழுவிசை 1500 சுற்றிலேயே முழுதாக வந்துவிடுகிறது. என்ஜினைக் கத்தவிடத் தேவையில்லை. மூன்றாம் கியரில் அடங்கிய குரலில் மேட்டை ஏறிவிடுகிறது. ஆனால் டேர்போவுக்கு ஒரு குணம் உண்டு. போகும் புகையே அதன் சில்லைச் சுழற்ற வேண்டும். அதனால் நீ கேட்டதற்கும் அது தருவதற்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி. வளைவுக்குள் போய்க் கேட்டால், நீ வேண்டாமென்று நினைக்கும் நேரத்தில் வந்து சேரும். முன்கூட்டியே கேட்க வேண்டும், மெதுவாகக் கேட்க வேண்டும்.

என்ஜின் நீளவாக்கில் முன்னுக்கு இருப்பதால் மூக்கில் பாரம் இருக்கிறது. இந்த வகையில் முன் அச்சைப் பழையதைவிட 154 மில்லிமீற்றர் முன்னுக்குத் தள்ளி அதைக் கொஞ்சம் சமன் செய்திருக்கிறார்கள். என்றாலும் வேகமாக வளைவுக்குள் விட்டால் முன்பக்கம் நேரே போகத்தான் பார்க்கும். நேர்த்தெருவிலேயே வேகத்தைக் குறைத்து, திருப்பி, பிறகு காலை மெல்ல இறக்கினால் பின் சக்கரங்கள் தள்ளத் தொடங்கும். கார் முழுவதும் ஒரே உடம்பாக வளைவைவிட்டு வெளியே வரும். அந்தக் கணம் வயிற்றுக்குள் தெரியும்.

றெப்பர்ஃபியோர்ட் ஆற்றோரம் அப்படி வளைவுக்கு வளைவு வந்தேன். மலை உச்சிகளில் வெயில் பட்டிருந்தது. சந்தோஷமாக இருந்தது. இவருக்கு இப்படி வந்திருக்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 31, வெள்ளி

இவருக்குக் கோபம். ரிமோட்டைத் தேடி வீடெல்லாம் கிளறினார். இடது கைக்குப் பக்கத்தில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்; அதற்கும் கோபம்.

பெப்ரவரி 6, வியாழன்

பார்வைப் புலம் சோதித்தார்கள். ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். நான் பின்னால் நின்று திரையைப் பார்த்தேன். இடது பக்கம் பல புள்ளிகள் வந்து போயின. பொத்தான் சத்தம் கேட்கவில்லை. சில இடங்களில் கேட்டது. போனமுறை அங்கும் கேட்கவில்லையாம். முன்னேற்றம்தான், ஆனால் ஓட்டுவதற்குப் போதுமா என்று இப்போது சொல்ல முடியாது, கடிதம் போடுகிறோம் என்றார்கள்.

திரும்பும்போது சென்னலாண்டெயில் லேசான பனித்தூறல். முன்னால் பாரவண்டி. ஆளில்லாத நேர்த்தெருவில் நான் பிரேக்கைத் தொட்டுப் பார்த்ததை இவர் கவனித்தார்.

"நீர் மூண்டாம் கியரைப் பிந்திப் போடுறீர்" என்றார்.

"நீங்கள் எப்பவும் முந்திப் போட்டனீங்கள். அதுதான் ஏத்தத்திலை இழுபட்டது."

"ஆர் சொன்னது இழுபட்டதெண்டு?"

"பத்து வருசமாப் பக்கத்திலை இருந்தனான்தானே."

"பக்கத்திலை இருந்தா ஒண்டும் தெரியாது" என்றார். பிறகு, "இப்ப எனக்குத் தெரியுது" என்றார்.

என்ன தெரிகிறது என்று கேட்கவில்லை. முடிவு வரும்வரை காரை விற்கிற கதை வேண்டாம் என்று மகளுக்குச் சொல்லச் சொன்னார். முடிவு எங்கள் பக்கம் வராவிட்டால் என்ன செய்வது என்று நான் கேட்டேன். அப்போதும் விற்க வேண்டாம் என்றார். அல்லது விற்கலாம் என்றார். ஏப்ரல் முடிய ஆணி டயர் கழற்றும்போது யோசிக்கலாம் என்றார். மூன்றாம் கியரைப் பற்றி வீடு வரும்வரை வாதாடினோம். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.