தடுப்பவனின் கணக்கு

கோல் அடித்தவரின் பெயர் மறுநாள் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வரும். அதைத் தடுத்தவரின் பெயர் செய்தியின் நடுவே ஒரு வரியில் வரும். இடம் போதாவிட்டால் அந்த வரியும் போய்விடும். பத்திரிகைத் தொழிலின் இந்தப் பழைய வழக்கம் எந்த நாட்டிலும் மாறவில்லை. அதனால்தானோ என்னவோ, மெல்பனுக்கு வந்து இந்நாட்டு மக்கள் உயிராய் நேசிக்கும் 'ஃபுட்டி' ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்கியபோது, என் கண் பின்வரிசை வீரர்களிடமே போய் நின்றது.

இலண்டனிலும் ரொறொன்ரோவிலும் சென்னையிலும் இருந்து வாசிக்கும் நண்பர்களுக்காகச் சிறு விளக்கம். இந்த அவுஸ்திரேலிய ஆட்டத்தின் விதிகள் 1859 ஆம் ஆண்டு மெல்பனில் எழுதப்பட்டவை. பந்தும் மைதானமும் நீள்வட்டம். அணிக்குப் பதினெட்டுப் பேர். ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்கும் ஊடாக உதைத்தால் ஆறு புள்ளிகள், ஓரத்தால் போனால் ஒன்று. பதினைந்து மீற்றருக்குக் குறையாமல் உதைக்கப்பட்ட பந்தை நிலத்தில் விழுமுன் பிடிப்பவருக்கு, தடையின்றி உதைக்கும் உரிமை கிடைக்கும். ஆகவே, எதிராளியின் கைக்கு வரும் பந்தை எகிறிக் குத்தி அப்பால் தள்ளுவது தடுப்பாளரின் முதற் கடமை. இதற்கு 'ஸ்பொயில்' என்று பெயர். கெடுத்தல் என்பது பொருள். எவ்வளவு நல்ல காரியத்துக்கு எவ்வளவு கெட்ட பெயர்!

அதிக கோல் அடிப்பவருக்குக் கோல்மன் பதக்கம் உண்டு. அதற்கு நிகரான பதக்கம் தடுப்பவருக்கு இல்லை. நடுவர்களின் வாக்குகளால் வழங்கப்படும் பிரவுன்லோ பதக்கத்தை 1993 இல் எசென்டன் அணியின் பின்வரிசை வீரர் கவின் வங்கனீன் வென்றார். அது அரிய விதிவிலக்கு.

நான் பிறந்த மண்டைதீவில் உதைபந்தாட்டமும் இருந்தது, நிலவுக்காலத்தில் கிளித்தட்டும் இருந்தது. கிளித்தட்டில் ஓர் அணி கோடுகளைக் கடந்து போகவேண்டும், மற்ற அணி மறிக்கவேண்டும். கடைசிக் கோட்டைத் தாண்டித் திரும்புபவருக்குப் 'பழம்' என்ற பட்டம் கிடைக்கும். மறிப்பவர்களில் கிளி மாத்திரமே நடுக்கோட்டில் ஓடலாம். ஏனையோர் தத்தம் கோட்டைவிட்டு அசையக்கூடாது. தன் கோட்டில் நின்று இரண்டு பக்கமும் கண் வைத்திருப்பதே அவர்களின் வேலை. பின்வரிசை ஆட்டத்தின் இலக்கணம் எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது.

தமிழ்நாட்டு வாசகர்களுக்குத் தஞ்சாவூர் மாவட்டத்தின் கபடி வீரர் தர்மராஜ் சேரலாதனை நினைவூட்டலாம். பாடிச் செல்பவரை அரங்கம் கொண்டாடும்போது, மூலையில் நின்று கணுக்காலைப் பிடித்து நிறுத்தியவர் அவர். 2016 இல், தமது 41 ஆவது வயதில், புரோ கபடியில் பாட்னா அணிக்குத் தலைமை தாங்கிக் கிண்ணம் வென்றார். அதே ஆண்டு உலகக் கிண்ணத்தை வென்ற இந்திய அணியிலும் இடம்பெற்றார். தடுப்பவருக்கு வேகத்தைவிடப் பொறுமையே பெரிய மூலதனம் என்பதற்கு அவர் சாட்சி.

இனி, நான் சொல்ல வந்த மனிதருக்கு வருகிறேன். அவர் பெயர் அலீர் அலீர். தென்சூடான் பெற்றோருக்கு, கென்யாவின் ககூமா அகதி முகாமில், 1994 இல் பிறந்தவர். சிறுவயதில் குடும்பத்துடன் அவுஸ்திரேலியா வந்தவர், பதின்ம வயதில்தான் இந்த நீள்வட்டப் பந்தைக் கையில் எடுத்தார். 2013 இல் நடந்த வீரர் தெரிவில் சிட்னி ஸ்வான்ஸ் அணி அவரை 44 ஆவது தெரிவாக எடுத்தது. பிறகு இரண்டு பருவங்கள் முதலணியில் ஓர் ஆட்டம்கூட இல்லை. 2016 இல்தான் களம் கண்டார். அந்த ஆண்டே அணி இறுதிப்போட்டிக்குச் சென்றது. ஆனால் இறுதிக்கு முந்தைய ஆட்டத்தில் முழங்காலில் அடிபட்ட அலீர், இறுதியாட்டத்தை வெளியே இருந்து பார்க்க நேர்ந்தது. சிட்னி தோற்றது. 2020 இன் இறுதியில் போர்ட் அடிலெய்டு அணிக்கு மாறினார். மறு ஆண்டே, நாட்டின் சிறந்த வீரர்களைக் கொண்டு பெயரளவில் அமைக்கப்படும் அகில அவுஸ்திரேலிய அணியில், பின்வரிசையின் நடுவிடம் அவருக்குக் கிடைத்தது.

எதிரணியின் உதையை முன்கூட்டியே கணித்து, பறந்து வந்து, பந்தைத் தன் கைக்குள் அடக்குவது அவருடைய சிறப்பு. அது எங்கே விழும் என்பதை மற்றவர்களுக்கு முன்பே அறிந்தவர்போல ஓடுவார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு 1990 ஓகஸ்ட் நினைவுக்கு வரும். இராணுவம் தீவுப்பகுதிக்குள் நுழைந்தபோது, எங்கள் தாய்மாரும் ஷெல் எங்கே விழும் என்பதைச் சத்தத்தை வைத்தே கணித்துப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். அவர்கள் காப்பாற்றிய பிள்ளைகள் இன்று உலகெங்கும் இருக்கிறார்கள். அந்தத் தாய்மாரின் பெயர் எந்தத் தலைப்பிலும் வரவில்லை.

அப்படிக் காப்பாற்றப்பட்டவர்களில் என் மகளும் ஒருத்தி. அவளுடைய மகனுக்குப் பதின்மூன்று வயது. உள்ளூர்ச் சங்கமொன்றின் சிறுவர் அணியில் பின்வரிசையில் ஆடுகிறான். சென்ற பருவத்தில் ஓர் ஆட்டத்தில் தலையோடு தலை மோதி, மயங்கி விழுந்தான். அன்றிரவு மகள் என்னிடம், "அப்பா, குண்டுக்குத் தப்பி வந்தது, பிள்ளையின்ரை தலையை உடைக்கவோ? நீங்கள்தான் அவனுக்கு இந்த விளையாட்டிலை ஆசை காட்டினனீங்கள்" என்றாள்.

அவளுடைய பயம் வெறும் தாய்மனப் பயமல்ல. சென் கில்டா அணியின் தலைவராகவும் தலைசிறந்த தடுப்பாளராகவும் 240 ஆட்டங்கள் ஆடிய டனி ஃபிராலி, 2019 செப்டெம்பரில், தமது 56 ஆவது பிறந்தநாளுக்கு மறுநாள் வீதி விபத்தில் மறைந்தார். வாழ்ந்த காலத்தில் தமது மனச்சோர்வை வெளிப்படையாகப் பேசியவர் அவர். இறந்தபின் ஆராய்ந்தபோது, தலையில் மீண்டும் மீண்டும் படும் அடிகளால் வரும் மூளைச்சிதைவு அவருக்கு இருந்தது தெரியவந்தது. உயிரோடு இருக்கும்போது இந்நோயை உறுதிசெய்ய வழியில்லை.

அலீரும் இதற்கு விலக்கல்லர். 2023 ஜூலையில் சக வீரருடன் தலை மோதியபின், உரிய பரிசோதனை செய்யாமலே அவரை மீண்டும் களமிறக்கியதற்காக, அவருடைய கழகத்துக்கு ஒரு லட்சம் டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. அதில் பாதி ஒத்திவைக்கப்பட்டது. தலையில் அதிர்ச்சி ஏற்பட்ட தொழில்முறை வீரர் குறைந்தது 12 நாட்கள் ஆடக்கூடாது என்பது 2021 இல் வந்த விதி. உள்ளூர் ஆட்டங்களுக்கு 2024 முதல் 21 நாட்கள்.

அந்த 21 நாட்களும் எங்கள் வீட்டில் வழக்கு நடந்தது. 2025 செப்டெம்பர் முதலாம் திகதி மண்டைதீவில் சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டதைச் சுட்டிக்காட்டி, "எங்கடை ஊரே கிரிக்கெட்டுக்கு மாறுது, இவனும் மாறட்டும்" என்றாள் மகள். பேரனோ தன் இடத்தை விடுவதாயில்லை.

கடைசியில் நான் என் கருத்தைச் சொன்னேன். வலியைச் சொல்லாமல் இருப்பதே வீரம் என்று நம்பி வளர்ந்த தலைமுறை எங்களுடையது. தீவிலிருந்து கொண்டுவந்த காயங்களைப் பெற்ற பிள்ளைகளிடமும் மறைத்தோம். அணிக்காகத் தலைவலியை மறைக்கும் சிறுவனும் அதே பாடத்தைத்தான் படிக்கிறான். கோட்டைக் காப்பவன், தன்னையும் காக்கவேண்டியவன். ஆகவே அவன் ஆடட்டும். ஆனால் தலையில் ஒரு சிறு அடி பட்டாலும் தானே கை உயர்த்தி வெளியே வரவேண்டும். அன்றைக்குத் திரும்பப் போகக்கூடாது.

மகள் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு நாள் கழித்து, மருத்துவரின் கடிதம் வந்தபிறகு, "ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நான் வருவன்" என்ற நிபந்தனையோடு தலையசைத்தாள்.

பேரன் என்னிடம் தனியாக வந்தான். "அம்மப்பா, பந்து வந்தால் நான் விலகமாட்டன். ஆனால் அடிபட்டால் சொல்லுவன்" என்றான்.

அந்த இரண்டாவது வாக்கியம் எனக்குப் போதுமானதாக இருந்தது.