குவளையும் கொள்கையும்

கூட்டம் முடிந்தது. கரவொலி ஓய்ந்தது. விளக்குகள் அணைந்தன. சமத்துவம் குறித்து ஒரு மணி நேரம் முழங்கிய பூரிப்பு நெஞ்சிலே நிறைந்திருக்க, நாம் வீடு திரும்பினோம். சில ஆண்டுகளுக்கு முன்பு நடந்த, நமது ஊர்ப் படிப்பகத்தின் ஆண்டு விழா அது.

மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியைத் தேடி, மறுநாள் வைகறையில் அத்திடலுக்குச் சென்றோம். கண்ட காட்சி என்ன? தேநீர் அருந்தி எறிந்த குவளைகள். உறிஞ்சிவிட்டு வீசிய தண்ணீர்ப் பொட்டலங்கள். கயிறு அறுந்து சேற்றிலே கிடந்த பிளாஸ்டிக் கொடிகள்! அவற்றினிடையே, துடைப்பமும் கூடையுமாக இரு பெண்கள் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தனர். மூத்தவர் நம்மைக் கண்டு நிமிர்ந்தார்.

"ராத்திரி மைக்குல பேசுனது நீங்கதானே ஐயா? எல்லாரும் சமம்னு சொன்னீங்க. வீட்டுத் திண்ணையில இருந்தே கேட்டேன், நல்லா இருந்துச்சு" என்றார். மீண்டும் குனிந்துகொண்டார்.

அக்குரலில் ஏளனம் இல்லை, தோழர்களே! இருந்திருந்தால் தாங்கியிருப்போம்.

நாம் அறியாமல் செய்தோமா? இல்லை. 2019 ஜனவரி முதல் நாளிலிருந்தே தமிழ்நாட்டில் இப்பொருள்களுக்குத் தடை உண்டு. பை மட்டுமன்று, தண்ணீர்ப் பொட்டலமும், பிளாஸ்டிக் கொடியுங்கூட அத்தடைக்கு உட்பட்டவை. 'குவளை காகிதந்தானே' என்று நம்மை நாமே ஏய்த்துக்கொண்டோம். வெறுங் காகிதம் கொதிக்கும் தேநீரைத் தாங்குமா? உட்புறத்திலே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால்தான் தாங்குகிறது. அத்தகைய குவளைக்கும் தடை உண்டு.

அறிந்திருந்தும் ஏன் எறிந்தோம்? எறிந்ததை எடுக்க எவரேனும் வருவர் என்ற நம்பிக்கை! அந்த 'எவரோ' எந்தத் தெருவிலிருந்து வருகிறார்? அவருடைய தாயும் பாட்டியும் என்ன வேலை செய்தனர்? கேட்டுப் பாருங்கள், விடை கசக்கும். அவர் கைக்கு அகப்படாத பை சாக்கடையிலே சேர்கிறது, அடைத்துக்கொள்கிறது. அடைப்பை நீக்க மனிதனையே குழிக்குள் இறக்குகின்றனர். அதைத் தடுக்க 2013-இல் சட்டம் வந்தது. வந்த பின்னரும் நச்சுக்காற்றிலே உயிர்கள் மாய்ந்தன. மேடையிலே சாதியைச் சாடிவிட்டு, மேடையடியிலே சாதி வகுத்த வேலையை வளர்த்திருக்கிறோம்!

தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளை முறையை எதிர்த்துப் போராடிய நாடு இது. அக்கொடுமையே சில ஊர்களில் புது வேடம் பூண்டது. ஒருவருக்குக் கழுவி வைத்த கண்ணாடிக் குவளை. இன்னொருவருக்குக் குடித்ததும் எறியும் குவளை! அவர் வாய் வைத்ததைக் கழுவ மனமில்லாதவனுக்கு அது எத்துணை வசதி!

அடுத்த ஆண்டு விழாவுக்கு, வாடகைப் பாத்திரக் கடையிலிருந்து 200 எவர்சில்வர் டம்ளர்கள் வந்தன. குழாய் பொருத்திய தண்ணீர் அண்டா வந்தது. கொடிகளைத் துணியிலே தைத்தோம். கழுவுவது யார் என்ற பேச்சு எழுந்தபோது, "பெண்கள் பார்த்துக்கொள்ளட்டுமே" என்றார் ஒரு தோழர். பெண் விடுதலை பற்றிப் பேச இருந்தவரே அவர்தாம்! சிரித்தோம், பிறகு வெட்கினோம். மேடையேறுவோரே கழுவுவதென முடிவாயிற்று.

அன்று அந்த அம்மையாரை நேரில் சென்று அழைத்தோம். முன்வரிசையிலே அமர்ந்தார்; எல்லோரும் அருந்திய டம்ளரிலேயே தேநீர் அருந்தினார். நள்ளிரவு வரை நாம் கழுவினோம். இடுப்பு நொந்தது.

இதனால் ஊர் தூய்மையாகிவிட்டதா? இல்லை. ஒரு திடல், ஓர் இரவு, அவ்வளவுதான். ஆயினும், மறுநாள் காலை அங்கே எவரும் நமக்காகக் குனியவில்லை.

உங்கள் ஊரிலும் கூட்டம் நடக்கும், தோழர்களே! பேச்சாளரைத் தேடுமுன், டம்ளர்களைத் தேடுங்கள். அவற்றைக் கழுவப் போகிறவர் யார் என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள்.