நாத்திக நண்பர்

விடுதியில் நம்மோடு ஓரறையில் வசித்தவர் கடவுளுண்டென்று ஒப்பாதவர், நாமோ கிறிஸ்தவர். ஓராண்டுக் காலம் அவருடைய மனந்திரும்புதலுக்காக அவரறியாமல் ஜெபித்து வந்தோம். இதனைப் பிறர் வாயாலறிந்த அவர், "அப்படியாயின், என்னோடு உண்டதும் உலாவியதும் அதற்காகத்தானோ?" என்று வினவினார். நமக்கு விடை தோன்றவில்லை. பல நாட்கள் இருவரும் பேசாதிருந்தோம்.

அக்காலத்தில் டார்வினுடைய சரித்திரத்தை வாசிக்க நேர்ந்தது. அவர் தம்மை நாத்திகரென்று கூற இசைந்தவரல்லர். கடவுளைப் பற்றி அறிய இயலாதென்னும் கொள்கையினராயிருந்தார். குடும்பத்தார் ஆலயத்திலிருக்கும் வேளையில் தாம் உலாவச் சென்றுவிடுவாராம். ஆயினும், அவர் வாழ்ந்த டௌன் கிராமத்துச் சபைக் குருவாகிய இன்னெஸ் ஐயர் அவருக்கு உற்ற நண்பர். ஏழைகளுக்கு நிலக்கரியும் ஆடையும் உதவும் சங்கத்தின் கணக்கை டார்வினே பார்த்து வந்தார். 1859ல் 'உயிரினங்களின் தோற்றம்' வெளிவந்த பின்னும் அச்சிநேகம் முறியவில்லை. 1862ல் ஐயர் ஸ்காத்லாந்து சென்ற பின்னரும் கடிதங்கள் நின்றபாடில்லை. தாங்கள் ஒத்துப்போகாததையே வேடிக்கையாகப் பேசிக்கொள்வர். தங்கள் கருத்து வேற்றுமையை ஒருவர்க்கொருவர் மறைத்தாரில்லை. இதுவே நம்மை உறுத்தியது.

அன்றிரவே நண்பரிடம் சென்று, மறைத்தது பிழையென்றும், ஆயினும் ஜெபிப்பதை விடுவதாயில்லை யென்றும் கூறினோம்.

"ஜெபியும். நானும் தர்க்கிப்பதை விடேன்" என்றார் அவர்.

அடுத்த ஞாயிறு நாம் அயர்ந்து உறங்கிவிட்டோம். "ஆலயமணி அடித்தாயிற்று, எழுந்திரும்" என்று போர்வையை இழுத்தவர் அவரே.