எந்தப் பக்கம், எந்தப் பத்தி

சட்டக் கல்லூரியில் முதல் வருஷமே '(1996) 5 எஸ்.சி.சி. 647' என்று எழுதக் கை பழகிவிடும். வருஷம், தொகுதி, தொகுப்பின் பெயர், பக்கம். தமிழ்நாட்டுத் தோல் ஆலைக் கழிவு பற்றி வேலூர்க் குடிமக்கள் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு அது. இந்த நான்கு விவரங்களைச் சொன்னால் உயர் நீதிமன்ற வளாகத்தில் எந்த நூலகத்திலும் புத்தகத்தை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். அந்த நீதிமன்றம் எப்படிப்பட்டது, அதன் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்துமா என்றெல்லாம் யாரும் விளக்க வேண்டியதில்லை. நீதிபதிக்கும் தெரியும், எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் தெரியும்.

படிப்பு முடிந்து நான் ஜூனியராகச் சேர்ந்த சேம்பரில் அகதிகள், நாடு கடத்தல், கடல் தகராறு சம்பந்தமான வழக்குகள் அதிகம். ஹேக், ஸ்ட்ராஸ்பர்க், ஹாம்பர்க் நகரங்களிலுள்ள சர்வதேச நீதிமன்றங்களின் தீர்ப்புகளைப் புரட்டாமல் அங்கே வேலை நகராது. சீனியர் மேடம் என்னிடம் முதலில் ஒப்படைத்தது அடிக்குறிப்புகளை. "ஜட்ஜ்கிட்ட எஸ்.சி.சி. இருக்கும். ஹேக் தொகுப்பு இருக்காதும்மா. நீ எழுதுற ஒரு வரியை வச்சுத்தான் அவர் அந்தத் தீர்ப்பை எடை போடணும்" என்றார். அந்த ஒரு வரியை எழுதக் கற்ற கதைதான் இது.

பாடம் ஜாதவ் வழக்கில் தொடங்கியது. பத்திரிகைகளில் அது குல்பூஷண் ஜாதவ் வழக்கு. ஹேக்கிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தின் (ஐ.சி.ஜே.) ஏட்டில் 'ஜாதவ் (இந்தியா எதிர் பாகிஸ்தான்)'. பெயர் வைப்பது நீதிமன்றம். நாம் அதை நீட்டவும் கூடாது, சுருக்கவும் கூடாது. அதில் இரண்டு முக்கிய ஆவணங்கள் உண்டு. 2017 மே 18ஆம் தேதி உத்தரவு, வழக்கு முடியும்வரை ஜாதவுக்கு விதித்த மரண தண்டனை நிறைவேற்றப்படாமல் பார்த்துக்கொள்ளும்படி பாகிஸ்தானுக்குச் சொன்னது. 2019 ஜூலை 17ஆம் தேதித் தீர்ப்பு, தூதரகத் தொடர்புக்கான வியன்னா உடன்படிக்கையின் 36ஆம் பிரிவைப் பாகிஸ்தான் மீறிவிட்டது என்று சொன்னது. முதல் உத்தரவின்போது நீதிமன்றம் பார்த்தது, தனக்கு அதிகாரம் இருப்பதாக மேலோட்டத்தில் தெரிகிறதா, அவசரம் இருக்கிறதா என்பது போன்ற கேள்விகளைத்தான். மீறல் நடந்ததாக அது முடிவு செய்யவே இல்லை. ஆகவே மீறலுக்கு ஆதாரமாக 2017ஐக் காட்டினால், நீதிமன்றம் சொல்லாத ஒன்றை அதன் வாயில் திணிக்கிறோம். 'இடைக்கால நடவடிக்கைகள், 2017 மே 18 உத்தரவு, ஐ.சி.ஜே. ரிப்போர்ட்ஸ் 2017, ப. 231' என்று வழக்கின் கட்டத்தையும் சேர்த்து எழுதினால் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.

நிகரகுவா வழக்கில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 1984 மே மாதம் இடைக்கால உத்தரவு, அதே வருஷம் நவம்பரில் அதிகார வரம்பு பற்றிய தீர்ப்பு, 1986 ஜூனில் வழக்கின் சாரம் பற்றிய தீர்ப்பு. வெறுமனே 'நிகரகுவா' என்று எழுதினால் மூன்றில் எது?

சர்வதேச நீதிமன்றம் தன் ஒவ்வொரு தீர்ப்பையும் எப்படி மேற்கோள் காட்ட வேண்டும் என்று தானே அச்சிட்டுத் தருகிறது. தனிப் பிரதியின் அட்டையைத் திருப்பினால் முன்தாளிலேயே பிரெஞ்சில் ஒன்று, கீழே ஆங்கிலத்தில் ஒன்று. கமா முதற்கொண்டு அங்கே இருக்கிறது. நேராகத் தீர்ப்புக்குத் தாவும் அவசரத்தில் அந்தத் தாளைப் பலரும் பார்ப்பதில்லை. அதைத் தாண்டி உள்ளே போனால் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு எண்கள். மேலே வழக்கின் சுருக்கப் பெயரோடு இருப்பது ஆண்டுத் தொகுப்பின் பக்கம். கீழே சின்னதாக இருப்பது அந்தப் பிரதிக்கு மட்டுமான பக்கம். அடிக்குறிப்பில் போக வேண்டியது மேலே இருப்பது. பிடிஎஃப் திரையில் காட்டும் எண் மூன்றாவது. அது எதற்கும் உதவாது. தீர்ப்பின் கடைசிப் பக்கத்தையும் பார்க்கச் சொல்வார் மேடம். பிரெஞ்சு, ஆங்கிலம் இரண்டில் எந்தப் பாடம் அதிகாரபூர்வமானது என்று அங்கே எழுதியிருக்கும். ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வாதாடப் போகும்போது அது தெரிந்திருக்க வேண்டும்.

கட்சிக்காரர்களின் பெயருக்கு நடுவே வருவதும் சும்மா வருவதல்ல. ஒரு நாடு இன்னொரு நாட்டின் மேல் வழக்குப் போட்டிருந்தால் 'எதிர்'. இரண்டு நாடுகளும் ஒப்புக்கொண்டு சேர்ந்து வந்திருந்தால் சாய்கோடு. டான்யூப் அணை வழக்கு 'ஹங்கேரி/ஸ்லோவாக்கியா' என்றும், பெத்ரா பிராங்கா தீவு வழக்கு 'மலேசியா/சிங்கப்பூர்' என்றும் இருப்பது அதனால்தான். நம் வங்காள விரிகுடாவே இரண்டுக்கும் உதாரணம். கடல் எல்லை பற்றி ஹாம்பர்க் கடல்சட்டத் தீர்ப்பாயம் 2012 மார்ச்சில் தந்த தீர்ப்பு 'வங்கதேசம்/மியான்மர்'. 2014 ஜூலையில் வந்த நடுவர் தீர்ப்பு 'வங்கதேசம் எதிர் இந்தியா'.

பழைய தீர்ப்புகளில் பத்தி எண் கிடையாது. தன் நிலப்பரப்பு பிற நாடுகளின் உரிமைக்குக் கேடாகப் பயன்படுவதை எந்த நாடும் தெரிந்தே அனுமதிக்கக் கூடாது என்ற கோட்பாட்டைத் தேடி கோர்ஃபு கால்வாய் வழக்குக்கு எல்லோரும் போவார்கள். 1949 தொகுப்பில் தீர்ப்பு 4ஆம் பக்கத்தில் தொடங்குகிறது. அந்த வாக்கியம் 22ஆம் பக்கத்தில். இரண்டையும் எழுத வேண்டும். 1970இன் பார்சிலோனா டிராக்ஷன் தீர்ப்பில் பத்தி எண் உண்டு. உலக நாடுகள் அனைத்துக்குமான கடமைகள் பற்றி அது சொல்வது 33, 34ஆம் பத்திகள். அங்கே பத்தியைத் தராமல் பக்கத்தை மட்டும் தருவது சோம்பேறித்தனம். 1946க்கு முந்தைய நிரந்தரச் சர்வதேச நீதிமன்றத்தின் கதை வேறு. 1930வரை தீர்ப்புகள் ஏ வரிசை, ஆலோசனைக் கருத்துகள் பி வரிசை, 1931 முதல் இரண்டும் சேர்ந்து ஏ/பி வரிசை. அதை ஐ.சி.ஜே. என்று குறிப்பிட்டால் நீதிமன்றமே மாறிவிடும்.

1996 ஜூலை 8ஆம் தேதியை நான் விசேஷமாகச் சொல்ல வேண்டும். அன்று ஹேக்கில் அணு ஆயுதம் பற்றி ஒன்றல்ல, இரண்டு ஆலோசனைக் கருத்துகள் வந்தன. உலக சுகாதார நிறுவனம் கேட்டது 1996 தொகுப்பின் 66ஆம் பக்கம். அதற்குப் பதில் சொல்ல நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஐ.நா. பொதுச் சபை கேட்டது 226ஆம் பக்கம். அதற்குத்தான் பதில் கிடைத்தது. தேதி ஒன்று, தலைப்புகள் கிட்டத்தட்ட ஒன்று. பக்கம்தான் பிரித்துக் காட்டுகிறது. அந்தப் பதிலிலும் மிக முக்கியமான கூறு ஏழுக்கு ஏழு என்று நின்று, தலைவரின் வாக்கால் நிறைவேறியது. மேடத்தின் சேம்பரில் இப்படிப்பட்ட வாக்கு விவரத்தை அடிக்குறிப்பில் சொல்லிவிடுவோம். கட்டாயம் என்று எந்தக் கையேடும் சொல்வதாக எனக்குத் தெரியாது. ஆனால் பாதி நீதிபதிகள் ஒப்பாத ஒன்றை ஒருமனதாக வந்தது போல நீட்டுவது நேர்மையில்லை என்பது அவர் கட்சி. எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

இலங்கையின் சி.ஜி. வீரமந்திரியை நான் நெருங்கிப் படித்தது இந்த வேலையால்தான். அந்த அணு ஆயுதக் கருத்தில் அவருடையது மாறுபட்ட கருத்து. 429ஆம் பக்கத்தில் தொடங்குகிறது. மறு வருஷம் டான்யூப் அணை வழக்கில் அவர் எழுதியது தனிக் கருத்து; 1997 தொகுப்பு, பக்கம் 88. வளர்ச்சியும் சுற்றுச்சூழலும் சேர்ந்தே போக வேண்டும் என்பதற்கு அவர் பழைய இலங்கையின் குளங்களையும் நீர்ப்பாசனத்தையும் சாட்சிக்கு அழைக்கிறார். ஏரியும் மதகும் பார்த்து வளர்ந்த எனக்கு, ஹேக் தீர்ப்புத் தொகுப்பில் குளக்கரையைக் கண்டது பெரிய சந்தோஷம். அதை எங்கள் மனு ஒன்றில் மேற்கோள் காட்டினோம். 'துணைத் தலைவர் வீரமந்திரியின் தனிக் கருத்து' என்ற சொற்கள் வரியின் முன்னாலேயே வந்தன. எவ்வளவு அழகாக இருந்தாலும் அது ஒரு நீதிபதியின் குரல், நீதிமன்றத்தின் முடிவல்ல. முடிவோடு உடன்பட்டு வேறு காரணம் சொல்வது தனிக் கருத்து, முடிவையே ஏற்காதது மாறுபட்ட கருத்து. இந்த வித்தியாசமும் வரியில் தெரிய வேண்டும்.

'என்ரிகா லெக்ஸி' விவகாரத்தைத் தென்கோடி மீனவ ஊர்களில் யாருக்கும் சொல்லித் தர வேண்டாம். 2012 பிப்ரவரியில் இத்தாலியக் கப்பலிலிருந்து சுட்டதில் குமரி மாவட்டத்து மீனவர் ஒருவரும் கொல்லத்து மீனவர் ஒருவரும் இறந்தார்கள். இதே பெயரில் எத்தனை ஆவணங்கள் என்று ஒரு நாள் மேஜையில் பரப்பிப் பார்த்தோம். 2013இல் நம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. 2015 ஆகஸ்ட் 24இல் ஹாம்பர்க் தீர்ப்பாயத்தின் இடைக்கால உத்தரவு. 2016இல் நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு. 2020 மே 21இல் அதன் இறுதித் தீர்ப்பு. கடைசி இரண்டையும் 'ஹேக் நிரந்தர நடுவர் நீதிமன்றம் சொன்னது' என்று எழுதுவார்கள். சொன்னது கடல்சட்ட உடன்படிக்கையின் ஏழாம் இணைப்பின்படி அமைந்த ஐந்து பேர் நடுவர் மன்றம். நிரந்தர நடுவர் நீதிமன்றம் அதற்குப் பதிவகமாக இருந்தது. 2015-28 என்ற வழக்கு எண் பதிவகத்துடையது. அதைத் தரலாம், தர வேண்டும். முடிவெடுத்தவர்களின் இடத்தில் பதிவகத்தை உட்கார வைக்கக் கூடாது.

ஸ்ட்ராஸ்பர்க்கின் முறை வேறு. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் உயிர்நாடி மனு எண். ஒரே பெயரில், ஒரே நாட்டுக்கு எதிராகப் பல மனுக்கள் இருக்கும்; மனு எண் ஒன்றுக்கு ஒன்றுதான். பழைய தீர்ப்புகளுக்கு ஏ வரிசை எண். பதினேழு நீதிபதிகள் கொண்ட பெரிய அமர்வு தந்ததானால் அதைக் குறிக்க வேண்டும்; எதுவும் இல்லையென்றால் சாதாரண அமர்வு என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

இது எனக்குப் பாடமாக நிற்காமல் வேலையாக மாறியது ஓர் இலங்கைத் தமிழரின் ரிட் மனுவில். அவரைத் திருப்பி அனுப்பும் உத்தரவை எதிர்த்தோம். இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் சேரவில்லை. எங்கள் வாதம் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவில் நின்றது. அதற்குச் சக்மா மக்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது துணை. திருப்பி அனுப்பினால் நேரக்கூடிய ஆபத்தை எப்படி அளப்பது என்பதற்குத்தான் ஸ்ட்ராஸ்பர்க் போனோம். அந்த நீதிமன்றம் இந்தியாவைக் கட்டுப்படுத்தாது என்று வாதத்தின் முதல் வரியிலேயே எழுதினோம். சர்வதேச நீதிமன்றத்தின் தீர்ப்புகூட அதன் சட்டத்தின் 59ஆம் பிரிவுப்படி அந்த வழக்கின் கட்சிக்காரர்களை மட்டும், அந்த வழக்கில் மட்டும்தான் கட்டுப்படுத்தும். மேற்கோளின் எடையைக் கூட்டிச் சொல்வது எந்தத் தரப்புக்கும் உதவாது.

கிடைத்தவை இரண்டு. ஒன்று 'விஸ்வராஜா மற்றும் பிறர்' என்று தவறாக எழுதிவிடக்கூடிய வழக்கு. ஏட்டில் இருப்பது 'வில்வராஜா மற்றும் பிறர் எதிர் ஐக்கிய இராச்சியம், 1991 அக்டோபர் 30, ஏ வரிசை எண் 215'. ஐந்து தமிழ் இளைஞர்களை இலங்கைக்குத் திருப்பி அனுப்பியது சித்திரவதைத் தடையை மீறவில்லை என்று தீர்ப்பு. துன்புறுத்தல் நேரலாம் என்ற வெறும் சாத்தியம் போதாது என்கிறது 111ஆம் பத்தி. மற்றது 'என்.ஏ. எதிர் ஐக்கிய இராச்சியம், எண் 25904/07, 2008 ஜூலை 17'. தமிழர் என்பது மட்டும் போதாது, ஆனால் அந்த மனுதாரரின் விவரங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தால் அனுப்புவது மீறலாகும் என்று அதில் முடிவு. வில்வராஜா நமக்கு எதிரானதாயிற்றே என்று நான் இழுத்தேன். "எதிரானதை நாமே முதல்ல சொல்லிடணும். அவங்க எடுத்துக் காட்டினா அது மறைச்சதா ஆயிடும்" என்றார் மேடம். இரண்டையும் முழுதாக அச்செடுத்து, அந்தந்தப் பத்திக்குப் பக்கத்தில் கோடு போட்டு, கம்பைலேஷனில் தேதி வரிசையில் வைத்தேன்.

விசாரணையில் அரசு வக்கீல் எழுந்ததும் எடுத்தது வில்வராஜாவைத்தான். நீதிபதி எங்கள் கட்டைப் புரட்டி 111ஆம் பத்தியைப் படித்தார். "இது இவங்களே கொடுத்திருக்காங்களே" என்றவர் அடுத்ததைத் திருப்பி, பெரிய அமர்வா என்று கேட்டார். இல்லை, சாதாரண அமர்வு, அடிக்குறிப்பில் அப்படித்தான் காட்டியிருக்கிறோம் என்றார் மேடம். என்.ஏ. தீர்ப்பில் ஸ்ட்ராஸ்பர்க் கவனித்த விவரங்களை நீதிபதி அங்கேயே படித்தார். அதன் பிறகு கேள்வியெல்லாம் எங்கள் மனுதாரரைப் பற்றியதாயிற்று. முன்பு கைதாகியிருக்கிறாரா, அதற்குப் பதிவு உண்டா, உடலில் தழும்பு இருக்கிறதா, எந்த வழியாக நாட்டை விட்டு வந்தார், திரும்பினால் விமான நிலையத்தில் என்ன நடக்கும். அரசு வக்கீலும் அந்தக் கேள்விகளுக்கே பதில் சொல்ல வேண்டியிருந்தது. மனுதாரரின் மருத்துவச் சான்றைக் கூடுதல் பிரமாணப் பத்திரத்தோடு தாக்கல் செய்ய எங்களுக்கு அவகாசம் தந்து, அதுவரை அவரை அனுப்பக் கூடாது என்று நீதிபதி உத்தரவிட்டார்.