ஆடுவது வேறு, நடத்துவது வேறு



“நல்லா ஆடுறவன், நல்லா நடத்துவான்” என்று சொல்லித்தான் இந்த வருடம் என்னைப் பேரவையின் விளையாட்டுச் செயலாளர் ஆக்கினீர்கள். ஆடுவது வேறு, நடத்துவது வேறு என்று எனக்குப் புரிய வைத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் நம் முதலாமாண்டுத் தம்பி. இன்னொருவர் தென்னாப்பிரிக்காவின் அலி பாக்கர்.

தேர்வு நாளன்று நான் ஒட்டிய பட்டியலில் பதினொரு பேரும் ஹாஸ்டல் மாணவர்கள். வீட்டிலிருந்து வருகிற தம்பிகள் பிட்ச் நடுவில் உட்கார்ந்துவிட்டார்கள். எனக்குக் கோபம். “பேட், பால் எல்லாம் பொதுவாத்தானே இருக்கு? வந்து ஆட வேண்டியதுதானே!” என்று கத்தினேன். ஒரு தம்பி மெதுவாகச் சொன்னான்: “அண்ணே, பேட் இருக்கு. பஸ் அஞ்சு மணிக்குப் போயிடுதே.” நான் பயிற்சி வைத்ததே ஐந்து மணிக்குத்தான்!

அந்த வாரம்தான் நூலகத்தில் பாக்கரைப் பற்றிப் படித்தேன். படிப்பால் அவர் டாக்டர். 1970-ல் ஆஸ்திரேலியாவை 4-0 என்று தோற்கடித்த தென்னாப்பிரிக்க அணியின் கேப்டன். ஆனால் அது வெள்ளையருக்கு மட்டுமேயான அணி. நிறவெறி ஆட்சியில் கறுப்பின மக்களுக்கு அதில் இடமில்லை. உலகம் அந்த நாட்டை ஒதுக்கியது. அதே ஆண்டின் இங்கிலாந்துப் பயணம் ரத்தானது. பாக்கரின் கணக்கு 12 டெஸ்ட்டோடு முடிந்தது.

பிறகு நிர்வாகி ஆனார். 1980-களில், உலகத் தடையை மீறிப் பெரும்பணம் கொடுத்து வெளிநாட்டு வீரர்களை வரவழைத்ததில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. 1986-லிருந்து கறுப்பினச் சிறுவர்களுக்குப் பயிற்சித் திட்டமும் நடத்தினார். தான் நல்லதுதான் செய்கிறோம் என்று நம்பினார். 1990-ல் மைக் கேட்டிங் தலைமையில் வந்த இங்கிலாந்து வீரர்களுக்கு எதிராக மக்கள் திரண்டார்கள். அந்தக் கோபத்தை நேரில் பார்த்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. பயணம் பாதியில் நிறுத்தப்பட்டது. மக்களின் உணர்வு தனக்குத் தெரியாமல் போனதைப் பின்னாளில் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார்.

அதோடு ஒதுங்கிவிடவில்லை. ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் ஸ்டீவ் ஷ்வெட்டே துணை நிற்க, பிரிந்து கிடந்த இரண்டு கிரிக்கெட் அமைப்புகளும் 1991 ஜூனில் ஒன்றாயின. ஜூலையில் சர்வதேசக் கிரிக்கெட் கவுன்சில் தென்னாப்பிரிக்காவை மீண்டும் சேர்த்தது. நவம்பர் 10 அன்று கல்கத்தா ஈடன் கார்டனில் அந்த அணி இறங்கியது. இந்தியா மூன்று விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்தது. தோற்றவர்களுக்கும் அது திருநாள்தான்!

2000-ல் சூதாட்டப் புகார் வந்தபோதும் பாக்கர் முதலில் தன் கேப்டன் ஹன்சி குரோனேயை நம்பி அவர் பக்கம் நின்றார். குரோனேயே ஒப்புக்கொண்டதும் வாரியம் அவரைப் பதவி நீக்கியது. 2003 உலகக் கோப்பையை ஆப்பிரிக்காவில் நடத்திய செயல் இயக்குநரும் பாக்கர்தான்.

நிறவெறிக் கொடுமையையும் நம்ம பஸ் பிரச்சினையையும் நான் ஒரே தராசில் வைக்கவில்லை. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு வரும் நோய் ஒன்றுதான். “நான்தான் எல்லாம் கொடுத்துட்டேனே” என்கிற நினைப்பு. அது இருக்கும்வரை எதிரில் இருப்பவன் சொல்வது காதில் விழாது.

பயிற்சியைக் காலை ஏழரைக்கு மாற்றினேன். மறுபடி தேர்வு வைத்தோம். மூன்று தம்பிகள் அணிக்குள் வந்தார்கள். இடம் இழந்தவர்களில் ஒருவன் என் அறை நண்பன். இன்றுவரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை. மெஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போது மனசு வலிக்கத்தான் செய்கிறது.

அடுத்த வருடம் இந்த நாற்காலிக்கு வரப்போகும் தம்பிக்கு ஒரு வார்த்தை. பட்டியல் ஒட்டுவதற்கு முன்னால் ஒருநாள் சாயங்காலம் பஸ் ஸ்டாப்புக்குப் போய் நின்று பார். உன் அணியில் பாதிப் பேர் அங்கேதான் நிற்பார்கள்.